மஞ்சள் விழுந்த உளுந்து

தாராவியில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் தாராவி என்று நாங்கள் சொல்வதில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, இங்கேயே கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள்கூட அப்பாவின் ஊர்ப் பெயரைத்தான் சொல்வோம். கேட்டவர் விடாமல் கேட்டால் எந்தப் பஸ், எந்த விலக்கில் இறங்க வேண்டும் என்பதுவரை ஒப்பித்துவிடுவோம். நானும் அப்படித்தான். அந்தப் பழக்கம் ஒரு பெண்ணின் உளுந்துக் காட்டையே அழிக்கப் பார்க்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

செம்பூரில் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு மாடியில் எனக்கு வேலை. அதற்கு முன்னால் தாராவியில் ஒரு ரெடிமேட் பட்டறையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வடிய ஆரம்பித்ததும் அதை விட வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது ஒருத்தி சொன்னாள், செம்பூரில் போனில் தமிழ் பேச ஆள் தேடுகிறார்கள் என்று. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ பேசுததுக்குச் சம்பளம் வேற குடுக்காங்களா? நான் இத்தனை வருசமா ஓசியிலல்லா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். அன்று அவர் தட்டில் மீன் துண்டு சின்னதாகத்தான் விழுந்தது.

வேலை இதுதான். தெற்கத்திக் கரிசல் கிராமங்களில் மழையை நம்பிப் பயிர் செய்கிறவர்களுக்கு ஒரு விவசாயத் திட்டம் நடக்கிறது. அந்த வட்டாரத்து விவசாய ஆபீசர் ஊருக்குப் போய், மரத்தடியில் ஆட்களைக் கூட்டி, விதைநேர்த்தி செய்வது எப்படி, பூச்சி வந்தால் என்ன செய்வது என்று செய்து காட்டுவார். அவருக்கு ஒரு ஊரா இரண்டு ஊரா? இன்று வந்தால் அப்புறம் எப்போது வருவாரோ. அதனால் அவர் வந்து போன பிறகு நாங்கள் செம்பூரிலிருந்து போன் போட்டுக் கேட்போம். சொன்னதைச் செய்தீர்களா? செய்யவில்லை என்றால் ஏன்? சந்தேகம் உண்டா? சந்தேகத்தை மேடத்திடம் கேட்டுத் திருப்பிச் சொல்வோம். மராத்திக்கு ஒரு வரிசை, தெலுங்குக்கு ஒரு வரிசை, மூலையில் தமிழுக்கு நாங்கள்.

மேடம் பம்பாய் மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். வேளாண்மை படித்துவிட்டுப் பல வருடம் வயல்வயலாக அலைந்தவர். முழங்கால் மக்கர் செய்ததால் நாற்காலிக்கு வந்துவிட்டார். உளுந்து இலையில் ஒரு புள்ளியைப் பற்றிச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அதன் ஜாதகத்தையே சொல்லுவார். எங்கள் வரிசையில் மற்றவர்கள் கோபர்கைரனேயிலிருந்தும் காட்கோபரிலிருந்தும் வரும் சின்னப் பெண்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து ஓடாது. கேட்க வேண்டிய கேள்விகளை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, "ஐயா வணக்கம், தாங்கள் விதைநேர்த்தி செய்து விட்டீர்களா" என்று படிப்பார்கள். பாங்க்கில் கடன் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எதிர்ப்பக்கத்தில் போனை வைத்துவிடுவார்கள். என் போனை மட்டும் யாரும் வைப்பதில்லை. என் வாயில் வருவது என் அம்மாவின் பேச்சு. "என்னக்கா, சாப்பிட்டியளா? விதைய மருந்துல புரட்டினியளா இல்லியா, உள்ளதச் சொல்லுங்க" என்று நான் கேட்டால் அவர்களும் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். உளுந்துச் செடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஊருக்குப் போவதெல்லாம் பள்ளிக்கூட லீவில், மே மாதத்தில். அப்போது கரிசல் காட்டில் ஒன்றும் இருக்காது, கறுப்பாக வெடித்துக் கிடக்கும். பயிர் நிற்கிற மாதத்தில் நாங்கள் யாரும் ஊரில் இருந்ததில்லை. காடு என்றால் வெறும் மண் என்றுதான் சின்ன வயதிலிருந்து என் மனசில் பதிந்திருக்கிறது. மேடம் தன் மொபைலில் படம் காட்டித்தான் நான் உளுந்துச் செடியையே பார்த்தேன். மாவரைக்க ஊறப்போடுகிற சாமானுக்கு இப்படி ஒரு அழகான பச்சை இலை இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

நான் முதலில் சொன்ன உளுந்துக் காட்டு அக்கா என் பட்டியலில் வந்தது ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். கணவர் இல்லை, பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், அவரே உழவு பிடித்து, அவரே விதைத்து, அவரே களை வெட்டுகிறவர். குரலில் ஒரு அதட்டல் இருக்கும். முதல் போனிலேயே, "உங்க ஆபீசர் சொன்னபடி வரிசையாத்தான் போட்டிருக்கேன். பக்கத்துக் காட்டுக்காரி மாதிரி அள்ளி எறியல" என்றார். இரண்டாவது போனில் குரல் இறங்கியிருந்தது. அங்கங்கே செடியில் இலை மஞ்சளாகத் திட்டுத் திட்டாக ஓடியிருக்கிறது என்றார்.

மேடம் கேட்ட உடனே சொல்லிவிட்டார். மஞ்சள் தேமல். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகிற நோய். வந்த செடிக்கு மருந்து கிடையாது. அதை வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூட வேண்டும், வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ள ஆபீசர் கொடுத்த மஞ்சள் அட்டைகளைக் காட்டில் நட்டு வைக்க வேண்டும். "இப்பவே பிடுங்கினா காடு பிழைக்கும். முழுக்கப் பூத்துடுத்துன்னா அப்பறம் பிடுங்கி ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. நாளைக்கு நாளைக்குன்னு தள்ள வேண்டாம்னு சொல்லு."

சொன்னேன்.

"பிடுங்கவா? உசிரோட நிக்குத செடியவா?" என்றார் அக்கா. "நாலு மொட்டு வச்சிருக்கு தாயி. மனசு வரல்ல."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதைத்தவர் அவர், முளைத்து வந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தவர் அவர். நான் செம்பூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பார்க்காத செடியைப் பிடுங்கு என்கிறேன். ஆனாலும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார், "நீ எந்த ஊரு தாயி? பேச்சு நம்ம பக்கமா இருக்கு." நான் யோசிக்கவே இல்லை. அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னேன், பஸ் விலக்கோடு. "அட, ஒரு பஸ்ஸுதான. சரி சரி" என்று சந்தோஷமாகப் போனை வைத்தார். எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆபீஸில் விதி. விதியை நினைத்து நான் மறைக்கவில்லை. ஊர் என்று கேட்டதும் வாயில் வந்தது அதுதான்.

அந்த வாரத்திலேயே பக்கத்துக் காட்டுக்காரியும் என் பட்டியலில் வந்தார். அவர் காட்டிலும் மஞ்சள் விழுந்திருக்கிறது. ஆனால் ஆபீசர் முன்பு சொல்லியிருந்தபடி, மஞ்சளைப் பார்த்த மறுநாளே பிடுங்கிப் புதைத்துவிட்டார். "நான் பிடுங்கி என்ன செய்ய? வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மஞ்சளக் கோயில் கொடைக்குத் தோரணம் கட்டுன மாதிரி நிறுத்தி வச்சிருக்கா. அந்த ஈயெல்லாம் எங்காட்டுக்குத்தான் வருது" என்றார். நீங்கள் போய்ச் சொல்லக்கூடாதா என்றேன். "அவகிட்டயா? வரப்ப வெட்டினது யாருன்னு கேட்டுப் பேச்ச நிறுத்தி ரெண்டு பொங்கல் ஆச்சு. நீயே சொல்லிக்கோ" என்றார். நான் சொன்னது அங்கே எடுபடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

உடனே அக்காவுக்குப் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே திட்டு. "எப்ப வாரே? தினமும் விலக்கு வரைக்கும் எட்டிப் பாத்துட்டு வாரேன். நீ வந்து பாத்து, இதப் பிடுங்கணும்னு கையக் காட்டு, பிடுங்குதேன். பாக்காம எப்படிப் பிடுங்க?"

ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற பெண் வந்து பார்த்துவிட்டுப் போவாள் என்று அவர் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் காத்திருக்க, வெள்ளை ஈ வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் கையில் இருப்பது பட்டன் போன், படம் எடுத்து அனுப்பவும் வழியில்லை. இரண்டு காடு என் வாயால் போகப் போகிறது.

மேடத்திடம் ஓடினேன். அவர் அந்த வட்டார ஆபீசருக்குப் போன் போட்டார். நல்ல மனிதர், வர முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் மழையில் கரிசல் பாதையெல்லாம் பசை மாதிரி ஆகிவிட்டது, பைக் சக்கரம் சுற்றாது, வெயில் அடித்துத் தரை இறுகினால்தான் உள்ளே வரலாம் என்றார். அதற்குள் பூத்துவிடும். மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எங்க இருக்கேன்னு அவாகிட்ட உண்மையைச் சொல்லிடு. விதியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொல்வது லேசாக இல்லை. "அக்கா, நான் அந்த ஊரில இல்ல. எங்கப்பா ஊரு அது. நான் பம்பாயில, தாராவியில இருக்கேன். இங்கனருந்துதான் பேசுதேன். எனக்கு அங்க வர வழியில்லக்கா" என்றேன்.

"பம்பாயா?"

"ஆமாக்கா."

"எங்காட்டப் பத்திப் பம்பாயில உக்காந்துகிட்டா சொல்லுதே, ஏட்டி?" என்று கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சயான் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். என் மேலேயே கோபம், அந்த அக்கா மேல் கோபம், வரப்பை வெட்டியது யாரோ அவர் மேலும் கோபம். வீட்டுக்கு வந்து மறுநாளைக்கு உளுந்து ஊறப்போடக் கையில் எடுத்தேன். எடுத்ததை டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டேன். வீட்டுக்காரர் மறுநாள் ஏன் இட்லி இல்லை என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும்.

இந்த மாதிரித் திட்டங்களைப் பற்றி தாராவியில் பேசினால் சிரிப்பார்கள். விவசாயம் செய்கிறவனுக்குப் போனில் பாடம் எடுக்க முடியுமா என்பார்கள். நான் இந்த வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன். பாடம் எடுப்பது பெரிய காரியமில்லை. நல்லதைச் சொல்லிவிட்டுப் போக ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சொன்னது நடந்ததா என்று திரும்பக் கேட்க ஒருத்தர் கிடையாது. தனியாகக் காட்டில் நிற்கிற ஒரு பெண் சரியான காரியத்தைச் செய்யத் தயங்குவது தெரியாததால் மட்டும் இல்லை. தப்பாகப் போனால் அது அவள் தலையில் மட்டும் விழும் என்பதால். ஆபீசரும் மேடமும் நானும் சேர்ந்து அந்தப் பாரத்தில் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். அதைத்தான் நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஹெட்செட்டை மாட்டியதும் திரையில் அக்காவின் மிஸ்டு கால். உடனே போட்டேன்.

"பக்கத்து ஊருல இருந்துகிட்டு வராம ஏமாத்துதாளேன்னுதான் எனக்கு ஆத்திரம்" என்றார், நேற்றுப் பேச்சை அப்படியே விட்ட இடத்திலிருந்து தொடருகிற மாதிரி. "பம்பாயின்னா நீ எப்படி வருவ. சரி, இப்ப நான் காட்டுலதான் நிக்கேன். போனை வரப்புல வச்சிட்டு, சத்தமாக் கேக்க ஸ்பீக்கர் போட்டிருக்கேன். நீ வைக்காத. நீ அங்கன இருந்தா நான் பிடுங்கிருவேன்."

"இருக்கேன்க்கா" என்றேன்.

முதல் செடியைப் பிடுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஈர மண்ணிலிருந்து வேர் வருகிற ஒரு சின்னச் சத்தம். அடுத்து அக்கா மூச்சை இழுத்துவிட்டார். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, "இருக்கியா?" என்று கேட்பார். நான் இருக்கேன் என்பேன். வேறு எதுவும் பேசவில்லை. எங்கள் திரையில் ஒரு போன் நீண்டுகொண்டே போனால் அந்த வரி சிவப்பாகிவிடும். என்னுடையது சிவப்பாகி வெகுநேரமாயிற்று. பின்னால் நிழல் தட்டியது. மேடம். திரையைப் பார்த்தார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார், இன்னொரு ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அப்போது இன்னொரு குரல் கேட்டது, கொஞ்சம் தள்ளி.

"ஏ, அது அந்த ஆபீஸ் பிள்ளைல்லா? ஏ பிள்ள, அவகிட்டச் சொல்லு, ஓடை ஓரமா நாலஞ்சு நிக்குன்னு."

பக்கத்துக் காட்டு அக்கா. வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் அப்படியே சொன்னேன். "அக்கா, ஓடை ஓரமா நாலஞ்சு நிக்குதாம்."

"எனக்குக் காது கேக்குன்னு அவகிட்டச் சொல்லு."

"அவங்களுக்குக் காது கேக்குதாம்க்கா."

"காது கேட்டா போதுமா? அந்த மஞ்ச அட்டைய நட்டாளான்னு கேளு."

"அட்டைய நட்டியளாக்கா?"

"வீட்டுல கிடக்கு. நாளைக்கு நடுவேன்னு சொல்லு."

"நாளைக்கு நடுவாங்களாம்."

ஒரு கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவே நான் செம்பூரில் உட்கார்ந்து தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேடத்துக்குத் தோள் குலுங்கியது. மராத்தி வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிக்கப் பயம், சிரித்தால் அங்கே கேட்டுவிடும்.

கொஞ்ச நேரம் பிடுங்குகிற சத்தம் மட்டும். திடீரென்று பக்கத்துக் காட்டு அக்காவின் குரல் வேகமாக வந்தது. "ஏட்டி, அதப் போயிப் பிடுங்காத. அது சீக்கு இல்ல. தண்ணி நின்ன மஞ்சள்."

இந்தத் தடவை சொல்லு என்று என்னிடம் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். மேடம் சரிதான் என்று தலையை ஆட்டினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா.

"இலையப் பாரு. திட்டு இல்ல. ஒண்ணுபோல வெளுத்திருக்கு. நானும் மொதல்ல அப்படித்தான் நாலு நல்ல செடியப் பிடுங்கிட்டேன். நகரு, நான் பாக்கேன்."

வரப்பைத் தாண்டுகிற சத்தமோ என்னமோ, ஏதோ சளக்கென்று கேட்டது. அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்குப் பாதி கேட்டது, பாதி காற்றில் போயிற்று. இது, அது, இதை விடு, அதை எடு. நடுவே வரப்பைப் பற்றியும் ஒரு வாய்ச்சண்டை வந்தது, வந்த மாதிரியே அடங்கியது. அக்கா அதற்கு மேல் "இருக்கியா" என்று கேட்கவில்லை. நான் இருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மனசில் ஒரு ஓரத்தில் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பிறகு சத்தம் காட்டாமல் நானே போனை வைத்தேன்.

அதன் பிறகு வெயில் வந்தது, தரை இறுகியது, ஆபீசர் போய்ப் பார்த்துவிட்டு மேடத்துக்குப் படம் அனுப்பினார். அங்கங்கே ஒன்றிரண்டு மஞ்சள் இருந்தது, மற்றபடி காடு பச்சையாக நின்றது. நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரிசல் மண் ஒரு இடத்திலும் தெரியவில்லை.

அறுவடை முடிந்து எல்லோருக்கும் போட வேண்டிய கடைசிப் போன் ஒன்று உண்டு, விளைச்சலைக் கேட்பதற்கு. அக்காவின் நம்பரைப் போட்டேன். எடுத்தது வேறு குரல்.

"அவ உளுந்தத் தூத்திக்கிட்டு இருக்கா, கை ஒழியல. என்ன கேக்கணும், எங்கிட்டக் கேளு."

தப்பான நம்பரோ என்று திரையைப் பார்த்தேன். சரியான நம்பர்தான். "விளைச்சல் எப்படிக்கா?" என்றேன்.

"யாருக்கு? அவளுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"ரெண்டும் ஒரே களத்துலதான் கிடக்கு. அளந்தாத்தான் தெரியும். மோசமில்ல, நல்லாத்தான் வந்திருக்கு. தூசி பறக்கு பிள்ள, வைக்கேன்."

வைத்துவிட்டார். திரையில், போனை எடுத்தது யார் என்று பதிவு செய்ய ஒரு கட்டம் உண்டு. நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மேடம் தன் மேசையிலிருந்து, "என்னாச்சு? அவா எடுத்தாளா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றேன். "பக்கத்துக் காட்டு அக்கா எடுத்தாங்க."